வெள்ளைப் பொடியும் சிவப்புக் கோடும்

பாடாங் செராயில் மனோகரனின் வெல்டிங் பட்டறைக்கு ஆட்கள் இரண்டு காரியமாக வருவார்கள். ஒன்று, வீட்டு கேட் உடைந்திருக்கும். இல்லையென்றால் முட்டி வலிக்கும்.

முட்டிக்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம் என்றால், அது மனோகரன் தானாக இழுத்துவிட்டுக்கொண்ட வினை. அவனுடைய தங்கை லோகேஸ்வரி ஜப்பானில் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய வருடம், பெருமை தாங்காமல் பட்டறை வாசலில் பேனர் கட்டினான். 'டாக்டர் லோகேஸ்வரி' என்று கொட்டை எழுத்தில் போட்டவன், என்ன டாக்டர் என்று போட மறந்துவிட்டான். பேனர் மழையில் கிழிந்து இருபது வருடமாகிறது. முட்டி வலிக்காரர்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

லோகேஸ்வரி அவர்களை விரட்டுவதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் தகடு வைத்துக்கொண்ட காளியம்மா ஒருமுறை எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். லோகேஸ்வரி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, எலும்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இந்த ஆறு ஸ்க்ரூவும் நேரா நிக்குது. ஒண்ணுகூட வளையல."

காளியம்மாவுக்குப் பரம திருப்தி. "என் காலுக்குள்ள இருக்கறதப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொன்னது அந்தப் புள்ள ஒண்ணுதான்லா" என்று கோவிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

உண்மையில் லோகேஸ்வரியின் வேலை, உலோகங்கள் ஏன் உடைகின்றன என்று கண்டுபிடிப்பது. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஓங்கி அடித்தால் உடைவது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் பார்ப்பது வேறு. சின்னச் சின்னதாக லட்சம் தடவை அசைத்தால் இரும்பு அலுத்துப்போகும், ஒருநாள் காரணமே சொல்லாமல் இரண்டாகும். அந்த அலுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. ஜப்பானில் இருந்தபோது ஓர் இரும்புத் துண்டை இயந்திரத்தில் மாட்டி நாற்பது நாள் அசைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோராம் நாள் பட்டறைக்கு போன் வந்தது. "அண்ணே! உடைஞ்சிருச்சுண்ணே!" என்று அழுதாள். கையோ காலோ என்று மனோகரன் பதறிப்போனான். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று விளங்குவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

அந்த ஆராய்ச்சியின் புத்தகம் ஒன்று, கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக, பட்டறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மனோகரன் கிரைண்டருக்கும் வெல்டிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு அதற்கும் வைப்பான். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "பூரா இங்கிலீஷ்லா" என்று சொல்லிப் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் புரட்டுவான். எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் மீசை மாதிரி ஒவ்வொரு கோடு. அது என்ன என்று அவன் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. சாமி படத்தைப் பார்த்து யாராவது கேள்வி கேட்பார்களா?

கட்டுரை கட்டுரையாக எழுதினாள். பாலத்துக்கும் கிரேனுக்கும் கோளாறு என்றால் அவளைக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் போதாதென்று ஆறேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். பெண்டாங் தமிழ்ப்பள்ளி, கூலிம் தேவாலய மண்டபம், செம்பனைத் தோட்டத்துக் கோவில் என்று எங்கே இடம் கொடுத்தாலும் அங்கே போய், இரும்பு எப்படி அலுக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்டுகிறாள். யாரும் அவளை அனுப்பவில்லை. நம்ம ஜனங்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் இரும்போடு மாரடிக்கிறார்கள், அதைப் பற்றி அவர்களிடம் யாருமே பேசுவதில்லை என்பது அவள் கட்சி.

இந்த வருடம் கரங்கானுக்குப் பக்கத்தில், அவர்கள் இருவரும் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்தைக் கேட்டாள். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு. கோவில் தலைவர் காளிதாசன் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. ஆனால் கூட்டம் கூடிவிட்டால் அவர் நாக்கு சும்மா இருக்காது.

"மண்டபம் தாராளமா எடுத்துக்கச் சொல்லு. ஆனா மனோ, தப்பா நெனச்சுக்காத. முப்பது வருஷம் படிச்சு, ஜப்பான் வரைக்கும் போயி, இரும்ப ஒடைக்கறதா ஒரு வேல? நம்ம பிச்சை டிராக்டர் ஓட்டி மாசம் ரெண்டு ஒடைக்கறான். அவனுக்கு ஏன்லா டாக்டர் பட்டம் குடுக்கல?"

திருவிழா ஏற்பாட்டுக்காகக் கூடிய கமிட்டியில் இருபது பேரும் சிரித்தார்கள். டிராக்டர் பிச்சையும் சேர்ந்து சிரித்தான். மனோகரனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தலைவரே, அன்னிக்கு நீங்க முன் வரிசையில வந்து ஒக்காருங்க. நம்ம ரதத்தோட டோ பாரையே கழட்டிக் கொண்டாந்து வெக்கறேன். பன்னெண்டு வருஷமா நிக்குது, என் வெல்டிங். என் தங்கச்சி அத எல்லாரு முன்னாலயும் பாக்கட்டும். அது என்ன வேலைன்னு அப்பத் தெரியும்."

டோ பார் என்பது ரதத்தையும் அதை இழுக்கும் டிராக்டரையும் இணைக்கும் பட்டை இரும்பு. இரண்டு விரல் தடிமன். ரதத்தின் மொத்தக் கனமும் அதில்தான் தொங்கும். கோவிலை விட்டுக் கிளம்பினால் செம்பனை மரங்களுக்கு நடுவே ஓர் ஏற்றம். ரதத்துக்குப் பின்னால் குழந்தை குட்டிகளோடு பாதித் தோட்டமும் நடந்து வரும்.

லோகேஸ்வரியிடம் போனில் சொன்னான்.

"பாக்கலாம்ணே. ஆனா என்ன வருதோ அதத்தான் சொல்வேன்."

"சொல்லு, சொல்லு. என் வெல்டிங்க பாத்து நீயே அசந்துருவ."

ஞாயிறு காலையில் பட்டையின் தங்க நிறப் பெயிண்டை எடுக்கவேண்டும் என்றாள். திருவிழாவுக்கென்று வருடா வருடம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசியது, ஓட்டுபோல் இறுகிக் கிடந்தது. மனோகரன் கிரைண்டரை எடுத்து முடுக்கினான். லோகேஸ்வரி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"கிரைண்டர் வேணாம்ணே! தேச்சீங்கன்னா, கீறல் இருந்தாலும் வாய மூடிக்கும். அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கீறலா? என் வேலையிலயா?" என்று முறைத்துக்கொண்டே, பெயிண்ட் கரைக்கும் மருந்தைத் தடவித் துணியால் துடைத்தான். முப்பத்தைந்து வருடமாக இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவனுக்கு, தேய்த்தால் கீறல் ஒளிந்துகொள்ளும் என்பது புதுச்செய்தி. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மண்டபத்தில் அறுபது பேருக்குக் குறையாது. லோகேஸ்வரி ஆளுக்கொரு காகிதக் கிளிப்பைக் கொடுத்து, நிமிர்த்தி, முன்னும் பின்னும் மடக்கச் சொன்னாள். உடையும்வரை எண்ணவேண்டும். பேச்சுச் சத்தமே இல்லை. எல்லோரும் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். காளியம்மாவுடையது ஒன்பதில் போய்விட்டது. காளிதாசனுடையது இருபத்து மூன்றுவரை தாக்குப்பிடித்தது, அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"எல்லாம் ஒரே பெட்டியில இருந்த கிளிப்புதான்" என்றாள் லோகேஸ்வரி. "ஒருத்தருக்கு ஒம்பது, ஒருத்தருக்கு இருபத்து மூணு. எட்டாவது மடக்குல காளியம்மாக்கா கிளிப்பப் பாத்திருந்தா, அடுத்ததுல ஒடையும்னு யாராச்சும் சொல்லிருப்பீங்களா? வெளிய ஒண்ணும் தெரியாது. நான் இத்தன வருஷமா பாக்கறது அந்த எட்டாவது மடக்கத்தான்."

காளிதாசன் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனோகரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உள்ளுக்குள் தேன் வார்த்தது போலிருந்தது.

அடுத்தது டோ பார். மேசைமேல் கிடந்த பட்டையில் சிவப்புத் திரவத்தைத் தெளித்தாள். கால் மணி நேரம் ஊறட்டும் என்றாள். அதற்குள் வடையும் தேநீரும் ஒரு சுற்று போயிற்று. பிறகு சிவப்பைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு, இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளையை அடித்தாள். காய்ந்ததும் பட்டை பூராவும் மாவு பூசினது போல் ஆயிற்று.

"மொதல்ல குங்குமம், இப்பத் திருநீறு" என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது.

"கீறல் இருந்தா, அதுக்குள்ள போன செவப்பு தொடச்சாலும் வராது. இந்த வெள்ளப் பொடிதான் அத உறிஞ்சி மேல கொண்டு வரும். பத்து நிமிஷம் பொறுக்கணும்" என்றாள் லோகேஸ்வரி.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மனோகரனுக்கு உறைத்தது. கோபத்தில் வாயைக் கொடுத்துவிட்டு வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்றுமே தெரியாமல் போனால், இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தங்கையைச் சிரிப்பார்கள். ஏதாவது தெரிந்தால், போவது அவனுடைய பேர். இந்த வட்டாரத்தில் அவன் வெல்டிங் என்றால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் அவன் சேர்த்து வைத்தது. இரண்டில் எது வந்தால் தேவலை என்று அவனால் சொல்ல முடியவில்லை.

வெல்டிங் ஓடிய தடத்தைக் கண் கொட்டாமல் பார்த்தான். வெள்ளை. ஐந்து நிமிஷம். வெள்ளைதான். அவன் மூச்சை விட்டபோது, முன் வரிசையில் காளியம்மா எழுந்து நின்று விரலை நீட்டினாள்.

"அங்க என்னமோ வருது."

வெல்டிங்கில் இல்லை. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, பட்டையின் ஓரமாக இருந்த சின்ன ஓட்டையில். ஓட்டையின் இரண்டு பக்கமும் சிவப்பு கசிந்து, முதலில் புள்ளியாகவும் பிறகு கோடாகவும் நீண்டது. நடுவில் வட்டம், இரண்டு பக்கமும் மீசை.

மனோகரன் ஓரடி முன்னால் வந்தான். அந்தப் படம். இருபது வருடமாக அவன் சந்தனப் பொட்டு வைத்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் புரட்டிக் காட்டிய அதே படம்.

லோகேஸ்வரி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெல்டிங் நல்லா இருக்கு. ஓட்டையிலதான் விரிசல். ரதம் குலுங்கற ஒவ்வொரு குலுக்கும் அந்த ஓரத்துலதான் வந்து சேருது. இந்த ஓட்டைக்கு இங்க வேலையே இல்ல, பின்னால யாரோ போட்டிருக்காங்க. யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. காளிதாசன் திரும்பிப் பார்த்தார். "டேய் பிச்சை, வருஷா வருஷம் டிராக்டர்ல மாட்டறது நீதானே? நீ என்ன பண்ணித் தொலச்சே?"

பிச்சை வாயைத் திறந்தான். மனோகரனைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

நான்கு வருடத்துக்கு முன்னால், திருவிழா அன்று காலையில், ரதத்துக்குப் புது விளக்கு அலங்காரம். ஊர்க்கண்ணெல்லாம் அதன்மேல் விழும் என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து டோ பாரில் கட்டினார்கள். கட்டிய கம்பி வழுக்கி வழுக்கி டயர் பக்கம் போனது. 'அண்ணே, ஒரு ஓட்ட போட்டுக் குடுங்கண்ணே' என்றான் பிச்சை. மனோகரன் டிரில்லை எடுத்தான், போட்டான். இரண்டு நிமிஷ வேலை. கண் படக்கூடாது என்று போட்ட ஓட்டை. அதன் பிறகு அதை அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது அவன் சும்மா இருந்தால் போதும். பிச்சை காட்டிக்கொடுக்கமாட்டான். வெல்டிங் நல்லா இருக்கு என்று அறுபது பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. ஆனால் பிச்சை தலையைக் குனிந்துகொண்டு நின்ற நிற்பை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதைவிட, என்ன வருதோ அதைத்தான் சொல்வேன் என்ற ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அண்ணனாக இருந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"நான்தான்" என்றான். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னான். "அவன் இல்ல. நான்தான் போட்டேன்."

லோகேஸ்வரி திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்தாள்.

"எத்தன மில்லி டிரில் பிட்ணே?"

"எட்டு."

"எந்த வருஷம்?"

"நாலு வருஷம் ஆச்சு."

"ஓட்டை ஓரத்துப் பிசிர வழிச்சு விட்டீங்களா?"

"இல்ல. அவசரம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். யாரோ தெரியாத எஞ்சினியரிடம் கேட்பதுபோல், அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையில் மனோகரனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அந்த ஏத்தத்துல அறுந்திருக்குமா?" காளிதாசன் கேட்டார். அவர் குரலில் இப்போது கிண்டல் இல்லை. அவருடைய பேத்தி ரதத்துக்குப் பின்னால் கோலாட்டம் ஆடுகிறவள்.

"இந்த வருஷம் தாங்கியிருக்கலாம் அங்கிள். தாங்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணுக்குப் பின்னால பிள்ளைங்கள நடக்க விடக்கூடாது, அவ்வளவுதான்."

புதுசு செய்யவேண்டும், ஆறு நாள்தான் இருக்கிறது என்றதும், சுங்கை பட்டாணியில் ஒரு பெரிய பட்டறையில் கொடுக்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். மனோகரன் தரையைப் பார்த்தான்.

"அண்ணன்தான் செய்யணும்" என்றாள் லோகேஸ்வரி. "ஓட்டையப் போட்டது நான்தான்னு இத்தன பேரு முன்னால சொன்ன ஆளு கையிலதான் நான் குடுப்பேன். வெள்ளிக்கிழம நானே வந்து பாக்கறேன். கோடு வந்துச்சுன்னா, அன்னிக்கும் எல்லாரு முன்னாலயும்தான் சொல்வேன்."

அன்று சாயங்காலம் பட்டறையில் மனோகரன் அந்தக் கறுப்புப் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தான். "என்ன எழுதியிருக்கன்னு சொல்லு. மொதப் பக்கத்துல இருந்து." லோகேஸ்வரி சந்தனம் காய்ந்து திட்டுத்திட்டாக இருந்த அட்டையைத் தடவினாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இருபது வருஷமா இதக் கேக்கமாட்டீங்களான்னு இருந்தேண்ணே" என்றாள்.

நான்கு நாள் மனோகரன் வேறு வேலை தொடவில்லை. கேட் உடைந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். முட்டி வலிக்காரர் ஒருவரையும் அனுப்பினான். வெள்ளிக்கிழமை காலையில் புதுப் பட்டையைக் கோவில் வாசலில் வைத்து, கமிட்டி பூராவும் சுற்றி நிற்க, சிவப்பை அடித்து, துடைத்து, வெள்ளையை அடித்தாள் லோகேஸ்வரி. மனோகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பத்து நிமிஷம். பிறகு இன்னொரு பத்து நிமிஷம், அவள் விடவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"மாட்டலாம்" என்றாள்.

காளிதாசன் தங்கப் பெயிண்ட் டப்பாவைத் தானே திறந்து கொண்டு வந்தார். மனோகரன் தடுத்தான். "தலைவரே, வெல்டிங் இருக்கற இந்த ஒரு சாண் எடத்துல மட்டும் அடிக்க வேணாம். இது இப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷமும் பாக்கணும்ல." காளிதாசன் அவனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், டப்பாவை மூடினார். "சரிலா. நீங்க சொன்னா சரி."

திருவிழா மாலையில் ரதம் கிளம்பிற்று. எலுமிச்சம்பழத்தை இந்த வருடம் சிவப்புத் துணியில் கோத்துப் பட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தான் பிச்சை. வழுக்கவில்லை. எப்போதும் முன்னால் மேளத்தோடு போகிற மனோகரன், இம்முறை டோ பாருக்குப் பக்கத்திலேயே நடந்தான். ஏற்றத்துக்கு முன்னால் டிராக்டர் கியர் மாற்ற நின்றபோது, காளியம்மா நொண்டிக்கொண்டு வந்து, பட்டையிலிருந்த வெள்ளைப் பொடியைப் பக்தியோடு விரலால் வழித்து நெற்றிக்குக் கொண்டு போனாள்.

"அக்கா! அக்கா, அது கெமிக்கல்!" லோகேஸ்வரி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

சுற்றிலும் சிரித்தார்கள். காளியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "திருநீறு இல்லேன்னா பின்ன என்னத்துக்கு இன்னும் தொடைக்காம வெச்சிருக்கீங்க? இதுல என்னதான் இருக்கு?"

லோகேஸ்வரி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். மனோகரன் முந்திக்கொண்டான். கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"இதுல ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணும் இல்லேன்னு பயமில்லாமச் சொல்றதுக்குத்தான் என் தங்கச்சி முப்பது வருஷம் படிச்சிருக்கா."

பிச்சை கியரைப் போட்டான். ரதம் ஒரு குலுக்குக் குலுங்கி, ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. பின்னால் கோலாட்டம் ஆடும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.